உங்கள் நாக்காக நான் இருந்த மாதம்

நானா,

இன்று காலையும் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்தாவின் கடையில்தான். கொட்டை கருகுகிறது என்று தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டியைக் கொஞ்சம் முந்தி இறக்கியிருக்க வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வழக்கம்போலப் பின்சந்துக்குள் திரும்பினேன். அந்தக் கடை திறந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்றுவரை அதன் வாசலை நான் மிதித்ததில்லை. முழங்கால் வலியோடு ஊரைச் சுற்றிப் போகிறவனைப் பார்த்து, "என்னா சுக்கானி, நேர் வழி மறந்துபோச்சா?" என்று மீன் விற்கிற பெண்கள்கூடக் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

இன்றைக்குச் சந்துக்குள் போயும் தப்பிக்க முடியவில்லை. கடையின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ வெளியூர்க்காரர் காப்பி கசக்கிறது என்று குறை சொல்ல, அடுப்படியில் நின்றவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்: "கசப்புக்கே இப்படிங்கிறீங்களே. இந்த எடத்துக்கு உப்புக்காப்பி பாய் வந்திருக்கணும்! கண்ணு தெரியாம கடல் தண்ணியில காப்பி போட்ட மனுசன், தெரியுமா?" கடையே சிரித்தது. நீங்கள் மண்ணுக்குள் போய் இன்னும் நாற்பது நாள் முடியவில்லை, நானா. அந்தப் பெயர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஊரில் நடமாடுகிறது.

அந்தக் காப்பியில் உப்பு எப்படி வந்தது என்று தெரிந்தவன் இந்த ஊரில் ஒருத்தன்தான். அவன் சந்துக்குள் சுவரோரமாக நின்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சீ, என்ன பிறவி இது! வந்த கையோடு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கடைசிவரை வரும்.

பதினோரு வருஷம் ஒரே தோணியில் இருந்தோம். சுக்கான் என் கையில், அடுப்பு உங்கள் கையில். தோணியில் சமைப்பவரைப் பண்டாரி என்று கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு நீங்கள் பண்டாரி, எனக்கு நானா, கூடப்பிறக்காத அண்ணன். காரைக்காலில் ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணக் கரைக்குப் போவோம், புகையிலையும் பனங்கிழங்கும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். காற்று இருந்தால் ஒன்றரை நாள். காற்று செத்தால் நாலு நாளும் ஆகும், ஐந்து நாளும் ஆகும். அந்த நாட்களில் பத்துப் பேர் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் இருந்ததற்கு உங்கள் காப்பிதான் காரணம். இதை நான் சும்மா சொல்லவில்லை. தண்டையலே, தோணியை நடத்துகிற அந்த முசுட்டு மனுஷரே, சொல்லியிருக்கிறார்.

உங்கள் அடுப்பு என்ன பெரிய அடுப்பு? ஒரு மரப்பெட்டி, அதில் முழங்கை ஆழத்துக்கு மணல், மணலில் புதைத்த மூன்று கல். எரிக்கக் கொட்டாங்கச்சிக் கரி. காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கு. தூளாக வாங்கினால் கடல் ஈரத்தில் ஒரே நாளில் பூத்துப்போகும் என்று நீங்கள் பச்சைக் கொட்டையாகத்தான் கொண்டுவருவீர்கள். தினமும் இரண்டு கை அள்ளி இரும்புச் சட்டியில் வறுப்பீர்கள். தோணி ஆடுகிற ஆட்டத்துக்குக் கொட்டை தானாகவே புரளும். "கடலே கிண்டி விடுது பாருங்க சுக்கானி, எனக்கென்னா வேல?" என்று சிரிப்பீர்கள். ஆறியதும் சின்னப் பித்தளை உரலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இடிப்பீர்கள். மாவாகவும் இருக்கக் கூடாது, குருணையாகவும் இருக்கக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க நீங்கள் விட்டதே இல்லை. அடியில் சின்னச் சின்னக் குமிழி கிளம்பியதும் இறக்கி, தூளைப் போட்டு, மூடி, தூக்குப் பாத்திரத்தை உறியில் மாட்டிவிடுவீர்கள். அந்த உறிதான் உங்கள் கெட்டிக்காரத்தனம். தோணி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உறியில் தொங்கும் தூக்கு நேராகவே நிற்கும், தூள் கலங்காமல் அடியில் படியும். "கொஞ்சம் பொறுங்க. அவசரப்பட்டா வெறும் கறுப்புத் தண்ணிதான்" என்பீர்கள். பிறகு துணியில் வடித்து, டின் பால் இரண்டு கரண்டி.

கரையில் எத்தனையோ வீட்டில் குடித்திருக்கிறேன், எத்தனையோ கடையில் குடித்திருக்கிறேன். அந்தக் காப்பி எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. பயணம் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்று தண்டையல் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் பிடித்ததால் மற்ற ஏழு பேரும் பிடித்தார்கள். தண்டையலும் பிடித்தார். பகலில் வாயில் எதையும் போடுகிறவன் நான் ஒருத்தன்தான். எனக்காக மட்டும் ஒரு தம்ளர் காப்பி போடுவீர்கள். வேண்டாம் நானா என்று எத்தனையோ முறை சொன்னேன். "அட, நீங்க பாட்டுக்குக் குடிங்க. நீங்க குடிக்கிறதப் பாத்தா என் நோன்பு முறிஞ்சுடுமா?" என்பீர்கள். நோன்பு திறக்கிற நேரத்துக்கான கஞ்சியையும் என்னிடம்தான் நீட்டுவீர்கள், உப்பு புளி பார்க்க. "இந்த மாசம் நீங்கதான் என் நாக்கு. பாத்துச் சொல்லுங்க" என்பீர்கள். நான் தலையை ஆட்டினால் உங்களுக்கு அது போதும். திரும்பவும் கேட்டதே இல்லை.

அந்தப் பயணத்தில் திரும்பும்போது நம்மோடு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சைகோன் வரை போய்வந்து பென்ஷனில் உட்கார்ந்தவர், அதனால்தான் சொல்தா என்ற பெயர்; நோன்பு அவருக்குக் கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காரைக்காலில் ஒரு காப்பிக் கடை போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. சைகோனில் குடித்த காப்பியைப் பற்றி யாரிடமும் பேசிக்கொண்டே இருப்பார். பருத்தித்துறையில் சாமான் ஏற்றும்போது நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

"சுக்கானி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொல்தா கடை அடுப்புக்கு என்னைக் கேட்டிருக்காரு. வர்ற வழியில ஒருதரம் என் கையால குடிச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றாராம்."

"கடலை உட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"இந்தப் புகை என் கண்ணத் தின்னுடுச்சுங்க. இப்பவே சாயங்காலமானா பாய்மரம் ரெண்டாத் தெரியுது. இன்னும் ரெண்டு வருசம் இந்தச் சாக்கு மறைவுல குந்தியிருந்தேன்னா புள்ளைங்க மொகம்கூடத் தெரியாது. கரையில அடுப்பு ஆடாது பாருங்க. புகை போக ஓட்டை போட்டுக்கலாம்."

"நீங்க போயிட்டா எங்களுக்கு யாரு காப்பி போடுறது?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் காற்று செத்தது. பாய் தொங்கிப்போய்விட்டது. நோன்புக்காரர்கள் கிடைத்த நிழலில் சுருண்டு கிடந்தார்கள். வெயிலில் மேல்தளப் பலகை காய்ந்து வெடித்துவிடும் என்று தினமும் கடல் தண்ணீரை வாளியில் இறைத்து ஊற்றுவோமே, அந்த மாதம் அது என் வேலை. நோன்பில்லாதவன் நான்தான் செய்யவேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது. பெரிய தியாகி!

இறைப்பதற்கு முன்னால் எனக்குத் தாகம். தண்ணீர்ப் பீப்பாய்கள் இரண்டும் பாய்மரத்தடியில் கட்டியிருந்தன. பீப்பாய் வாயை அடைத்திருக்கும் பெரிய மரத் தக்கையைப் பண்டாரியைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது தோணிச் சட்டம். உங்களிடம் கேட்டிருந்தால் எழுந்து வந்து மொண்டு கொடுத்திருப்பீர்கள். ஆனால் உதடு வெடித்துக் கிடக்கிற எட்டுப் பேர் நடுவே "தண்ணி குடுங்க" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. திருட்டுத்தனமாகத் தக்கையைப் பிடுங்கி, சிரட்டையைக் கயிற்றில் விட்டு மொண்டு குடித்தேன். அப்போது யாரோ புரண்டு படுக்கிற சத்தம். பதறிப்போய்ப் பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்து ஓட்டையின் மேல் போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டேன். தக்கை எங்கோ உருண்டு போயிருந்தது. அப்புறம் போடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

தளத்துக்கு ஊற்றினேன். பீப்பாய்ப் பலகையும் காய்ந்தால் ஒழுகும் என்று அதன் தலையிலும் ஊற்றுவது வழக்கம், இல்லையா? சாக்கின் மேலேயே மூன்று வாளி ஊற்றினேன். நாலாவது வாளியைத் தூக்கும்போதுதான் நினைவு வந்தது. தக்கையைத் தேடி எடுத்துச் செருகுவதற்கு முன்னால் ஒரு விரல் நனைத்து நக்கிப் பார்த்தேன். கரித்தது.

இன்னொரு பீப்பாய் முழுசாக நல்ல தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றது, நானா. "அதத் தொடாதீங்க, இதுல எடுங்க" என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். தண்டையல் என்னைத் திட்டியிருப்பார். கரை சேர்ந்ததும் இறங்கிப் போடா என்றுகூடச் சொல்லியிருப்பார். தண்ணீர் விஷயத்தில் அவர் யாரையும் மன்னித்ததில்லை. எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் தூக்கோடு வந்துவிட்டீர்கள். "சொல்தா கேட்டுட்டாரு சுக்கானி!" என்றீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. சட்டையைக்கூட மாற்றியிருந்தீர்கள்.

நீங்கள் அந்தப் பீப்பாயிலேயே தண்ணீர் மொண்டீர்கள், வறுத்தீர்கள், இடித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கொட்டை அதிகம் கறுத்திருந்தது என்று பொறுக்கி எடுத்துக் கடலில் போட்டீர்கள். வடித்து, பால் ஊற்றி, ஒரு வாய் அளவு சின்னத் தம்ளரில் எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"பாத்துச் சொல்லுங்க."

குடித்தேன். உப்பு. குழந்தைக்குக்கூடத் தெரிகிற உப்பு. உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த அரைக்கண் சிவப்பாக, ஈரமாக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு நானா" என்றேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. சொல்தா ஒரு மிடறு குடித்துவிட்டுத் தோணிக்கு வெளியே துப்பினார். "என்னய்யா இது, கடலையே காய்ச்சிட்டியா?" என்று கேட்டார். படுத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். தண்டையல் பீப்பாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார், விரலில் தொட்டு முகத்தருகே கொண்டுபோனார், என்னைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னார். அப்போது மட்டும் உண்மையைச் சொன்னேன்: கரிக்கிறது என்று. தக்கையை யார் எடுத்தது என்று கேட்டார். நீங்கள் உங்கள் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"என்னைத் தவிர யாரு தொடப்போறா தண்டையல்? காலையில நாந்தான் சரியாச் செருகாம உட்டுருப்பேன். கண்ணு சரியில்ல."

பொய் சொல்லி என்னைக் காப்பாற்றவில்லை நீங்கள். நிஜமாகவே உங்கள் கைமேல் சந்தேகப்பட்டீர்கள். அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நீங்கள் செய்யாத தப்பை நீங்களே நம்பும்படி செய்துவிட்டேன். சொல்தா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணு தெரியாதவர அடுப்படியில வச்சா ஊரு ஜனம் என்னத்தக் குடிக்கும்?" என்றார். யாரோ "உப்புக்காப்பி" என்று முணுமுணுத்தான். சிரித்தார்கள். தோணி காரைக்கால் வருவதற்குள் அதுவே உங்கள் பெயராகிவிட்டது.

அன்று மாலை நோன்பு திறந்தீர்கள். கஞ்சி குடித்தீர்கள். பிறகு உறியிலிருந்து தூக்கை இறக்கி, அடியில் மிச்சமிருந்ததை ஒரு வாய் ஊற்றிக்கொண்டீர்கள். நான் சுக்கானில் இருந்தேன். விழுங்கவில்லை நீங்கள், வாயிலேயே வைத்திருந்தீர்கள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினீர்கள். தக்கையை எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த உப்பைக் குடித்துவிட்டு எந்த நாக்கும் தவறிப்போய் நல்லா இருக்கு என்று சொல்ல முடியாது. அது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நான் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீங்கள் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தீர்கள். மறுநாள் மத்தியானம் எனக்குக் காப்பி வந்தது. நல்ல தண்ணீர், நல்ல காப்பி. "பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள், எப்போதும்போல. நான் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனீர்கள். அந்த மாதம் முடியும்வரை தினமும் கேட்டீர்கள். தண்டனை கொடுக்கத்தான் கேட்டீர்களா, நான் வாய் திறக்கட்டும் என்று கேட்டீர்களா? எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் அதற்கு லாயக்கில்லாதவன்.

நீங்கள் சொன்ன இரண்டு வருஷத்தைக் கடல் சரியாகக் கொடுத்தது. மூன்றாம் வருஷம் ஏணிப்படி தெரியாமல் ஆற்றுமுகத்தில் விழுந்தீர்கள், அத்தோடு உங்களுக்குத் தோணி வேலை நின்றது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் அது. ஊரெல்லாம் வேட்டு வெடித்த அன்று நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்தேன். என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, "வாங்க சுக்கானி, குந்துங்க" என்றீர்கள். வெடிச் சத்தத்தைப் பற்றிப் பேசினோம். புதுத் தண்டையலைப் பற்றிப் பேசினோம். பிறகு நீங்கள்தான் கேட்டீர்கள்.

"ஏதோ சொல்ல வந்தாப்புல இருக்கு?"

"ஒண்ணுமில்ல நானா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"அப்படிங்களா" என்றீர்கள். காப்பி கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் அடுப்பில் காப்பிச் சட்டி ஏறுவதே இல்லை என்று உங்கள் மனைவி வாசலில் சொன்னார்கள்.

தண்டையலுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் அது முழுசாக நிஜமில்லை என்று தெரிகிறது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்ளர் என் கையில் இருந்தபோது இன்னொன்றும் தோன்றியது. சொல்தாவுக்குப் பிடிக்காமல் போனால் நீங்கள் எங்களோடு இருந்துவிடுவீர்கள். எனக்குத் தினமும் அந்தக் காப்பி கிடைக்கும். தூ! ஒரு தம்ளர் காப்பிக்காக உங்கள் கண்ணைக் குடித்தவன் நான்.

உங்கள் மய்யித்தை அடக்கம் செய்த அன்று வந்திருந்தேன். ஓரமாக நின்றேன். அன்றைக்கு உங்கள் மகன் என் பக்கத்தில் வந்தான். நல்ல ஆளாகிவிட்டான், உங்கள் உயரம். சொல்தா கடையில் இப்போது இருப்பவன் ஊருக்குப் போகிறானாம், அடுப்புக்கு ஆள் தேடுகிறார்களாம். இவன் போய்க் கேட்டிருக்கிறான். "உப்புக்காப்பி வீட்டுப் புள்ளையா? நீயும் கடல் தண்ணிதான் ஊத்துவியா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டான்.

"மாமா, நீங்க கூடவே இருந்தவங்க. வாப்பா நெசமாவே அப்படிப் போட்டாங்களா? நான் ஒருதரம்கூட அவங்க கையால காப்பி குடிச்சதில்ல. கேட்டா, கை மறந்துபோச்சுன்னுடுவாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழசெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்றேன். உங்களைச் சுமந்துபோகும் சந்தூக்கு இன்னும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

கை மறக்கவில்லை, நானா. தக்கையைச் சரியாகத்தான் செருகியிருந்தீர்கள். அதை எடுத்தவன் நான். உப்பு என்று தெரிந்தும் நல்லா இருக்கு என்று சொன்னவன் நான். உங்கள் கை ஒருநாளும் தப்புச் செய்யவில்லை.

நாளை காலை, கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து, சொல்தா கடைக்கு முன்வாசல் வழியாகப் போகிறேன். அங்கே நின்று இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். உங்கள் மகனையும் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. என் வாயை நான் நம்பவில்லை. பாதியில் நான் நிறுத்திவிட்டால் காகிதத்தைப் பிடுங்கி மீதியை நீ வாசி என்று மட்டும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.